எல்லை தாண்டாத கோப்புகள்

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் தொடங்கிய பல்கலைக்கழகம். தேயிலைத் தொழில்நுட்பத்தில் ஒரு பட்டப்படிப்பும் கணினி அறிவியலில் ஒரு பட்டப்படிப்பும் அங்கே ஒரே வளாகத்தில் நடக்கின்றன. அதே 2005இல் கொழும்பில் டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற மென்பொருள் நிறுவனம் பிறந்தது. அதே ஆண்டு நவம்பரில் இன்டெல் நிறுவனம், ஒரு கணினிக்குள் இன்னொரு முழுக் கணினியை வேகம் பெரிதாகக் குறையாமல் ஓட்டுவதற்கான வசதியைத் தன் சில்லுகளில் முதன்முதலாகச் சேர்த்து விற்பனைக்கு விட்டது. ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் தொடங்கிய இந்த மூன்றும் இன்று ஓர் இடத்தில் வந்து சேர்கின்றன: லுணுகலையிலோ மடுல்சீமையிலோ பூனாகலையிலோ தோட்டத்து வீடொன்றில் ஒரு நிரலாளர் திறந்து வைத்திருக்கும் மடிக்கணினியில்.

அது பெரும்பாலும் பாவித்த மடிக்கணினி. எட்டு ஜி.பி. நினைவகம், கைபேசியிலிருந்து கிடைக்கும் இணையம், மாத முடிவுக்குள் தீர்ந்துபோகும் டேட்டா. வேலை கொடுக்கும் நிறுவனமோ பதுளையிலிருந்து ரயில் பாதையில் ஏறத்தாழ 290 கிலோமீட்டருக்கு அப்பால் கொழும்பில் இருக்கலாம், கடல் கடந்தும் இருக்கலாம். அங்கே பெரிய கணினிகளில் ஓடும் மென்பொருள் முழுவதும் இங்கே இந்தச் சிறு கணினியில் ஓட வேண்டும், அதுவும் காத்திருக்க வைக்காமல். முடியும். எப்படி முடிகிறது என்பது இன்றைய கணினியியலில் எனக்கு மிகவும் பிடித்த கதை.

தோட்டமொன்றின் செக்ரோல் என்ற வருகை, சம்பளக் கணக்கை நடத்தும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். காலைப் பெரட்டுக்கு யார் வந்தார்கள், எந்த மலையில் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார்கள், யாருக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம், யாருக்கு அரைப் பேர், ஊழியர் சேமலாப நிதிக்கு எவ்வளவு கழிய வேண்டும் என்பதெல்லாம் அதில் பதியும். திரையில் தெரிவது சிறு பகுதிதான். பின்னால் ஒரு தரவுத்தளம், சம்பளம் கணக்கிடும் ஒரு சேவை, கைபேசியிலிருந்து வரும் நிறுவைகளை வாங்கும் ஒரு சேவை, சம்பளச் சீட்டை அச்சுக்கு ஆயத்தமாக்கும் ஒரு சேவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிரல் மொழியில் இருக்கலாம். ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கான நூலகங்களை நம்பி நிற்கலாம். கொழும்பில் ஓடியது பதுளையில் ஓடாமல் போக, அந்த நூலகங்களில் ஒன்றின் பதிப்பு எண் மாறியிருந்தாலே போதும்.

இதற்குக் கிடைத்த பழைய விடை மெய்நிகர் கணினி, அதாவது வி.எம். கணினி முழுவதையும் அதன் இயங்குதளத்தோடு சேர்த்து ஒரு கோப்பாக்கி, வேண்டிய இடத்தில் இன்னொரு கணினிக்குள் ஓட்டுவது. யோசனை 1960களிலேயே அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் செயலுக்கு வந்துவிட்டது. 1972இல் வி.எம்./370 என்ற பெயரில் அதை ஐ.பி.எம். வெளியிட்டது. ஒரே பெருங்கணினியை வாங்கிய நிறுவனம், தன் ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணினி கொடுத்ததுபோல் நடத்த முடிந்தது.

இது நடப்பது எப்படி என்று பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். ஓர் இயங்குதளத்தின் மையத்தில் இருப்பது கெர்னல். நினைவகம், வட்டு, வலையமைப்பு எல்லாவற்றையும் ஆள்வது அதுதான். தான் மட்டுமே முழுக் கணினிக்கும் உரியவன் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட நிரல் அது. அதை இன்னொரு இயங்குதளத்தின் மேல் சாதாரண நிரலாக ஓட்டினால், ஆட்சிக்குரிய கட்டளை ஒன்றை அது இடும்போதெல்லாம் சில்லு அதைத் தடுத்து, கீழேயுள்ள மேற்பார்வை நிரலிடம் ஒப்படைக்க வேண்டும். மேற்பார்வை நிரல் அந்தக் கட்டளையின் விளைவைப் போலியாக உண்டாக்கிக் கொடுத்துவிட்டு, ஓட்டத்தைத் தொடரவிடும். உள்ளே இருக்கும் கெர்னலுக்கு இடையில் எதுவும் நடந்ததாகத் தெரியாது.

ஐ.பி.எம். இயந்திரங்களில் இது சீராக நடந்தது. நம் மேசைக் கணினிகளில் இருந்த இன்டெல் வகைச் சில்லுகளில் நடக்கவில்லை. அவற்றில் 17 கட்டளைகள் தடுக்கப்படாமலும், சரியாக நிறைவேறாமலும், சத்தமின்றி வேறு விடை கொடுத்துக்கொண்டிருந்தன. 1998இல் தொடங்கிய வி.எம்.வேர் நிறுவனம், உள்ளே ஓடும் கெர்னலின் கட்டளைகளை ஓடும் வேளையிலேயே படித்து, சிக்கலானவற்றை மட்டும் மாற்றி எழுதி இந்தத் தடையைத் தாண்டியது. அபாரமான சாதனை, ஆனால் வேகத்துக்கு விலை உண்டு. 2005இல் இன்டெலும் அடுத்த ஆண்டு ஏ.எம்.டி.யும் சில்லுக்குள்ளேயே விருந்தாளிக் கெர்னலுக்கென்று ஒரு தனி நிலையை அமைத்தன. அதற்குள் கெர்னல் தன் விருப்பப்படி ஆளலாம். உண்மையில் எல்லை மீறும் தருணத்தில் மட்டும் சில்லு அதை வெளியே எடுத்து மேற்பார்வை நிரலிடம் விடும். சில ஆண்டுகளில், விருந்தாளியின் நினைவக முகவரிகளை உண்மை முகவரிகளாக மாற்றும் வேலையையும் சில்லே ஏற்றுக்கொண்டது. இன்று உங்கள் மடிக்கணினிக்குள் ஓடும் லினக்ஸ், தன் நினைவகம் பூச்சியம் என்ற முகவரியில் தொடங்குவதாக நம்புகிறது. அந்தப் பூச்சியம் உண்மையில் எங்கோ நடுவில் இருக்கிறது.

பாவித்த மடிக்கணினி வாங்கியவர்கள் பலருக்கு முதல் தடை இங்கேதான் வரும். சில்லில் இந்த வசதி இருக்கும், ஆனால் கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அங்கே போய் ஒரு வரியை மாற்றினால் கிட்டத்தட்ட முழு வேகத்தில் ஓடும். மாற்றாவிட்டால் புதிய மென்பொருள்கள் பல தொடங்கவே மறுக்கும்.

வி.எம். நல்ல விடைதான், ஆனால் எட்டு ஜி.பி. கணினிக்குப் பாரமான விடை. நமது செக்ரோல் மென்பொருளின் நான்கு பகுதிகளுக்கும் நான்கு வி.எம். வைத்தால் நான்கு கெர்னல்கள் தனித்தனியே தொடங்க வேண்டும். தலைக்கு ஒரு ஜி.பி. என்றாலும் நினைவகத்தில் பாதி போய்விடும். மீதியில் வின்டோஸும் உலாவியும் எப்படி மூச்சு விடும்?

இங்கேதான் கன்டெய்னர் வருகிறது. கன்டெய்னருக்குச் சொந்தக் கெர்னல் கிடையாது. அது லினக்ஸில் ஓடும் ஒரு சாதாரணச் செயல்தான். அது எதைப் பார்க்கலாம், எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதைக் கெர்னல் கட்டுப்படுத்துகிறது, அவ்வளவே. ஒரு செயலுக்கு வட்டின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் முறை 1979இன் யுனிக்ஸிலேயே வந்துவிட்டது. 2000இல் ஃப்ரீ பி.எஸ்.டி. அதைச் சிறைகளாக வளர்த்தது. 2002இலிருந்து லினக்ஸ் கெர்னலில் பார்வை வெளிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன: வட்டுக்கு ஒன்று, செயல் எண்களுக்கு ஒன்று, வலையமைப்புக்கு ஒன்று. எவ்வளவு எடுக்கலாம் என்ற பங்கீட்டு அமைப்பைக் கூகுள் பொறியாளர்கள் 2006இல் தொடங்கினார்கள். அந்த வேலையில் பெங்களூருக்கும் பெரிய பங்கு உண்டு. நினைவகப் பங்கீட்டின் மூல நிரலை எழுதியவர் அங்கே ஐ.பி.எம்.மில் இருந்த பல்பீர் சிங். சில்லின் நேரத்தைக் குழுவாரியாகப் பிரிக்கும் பகுதியை எழுதியவர் அதே அலுவலகத்தின் ஸ்ரீவத்சா வத்தகிரி. இருவரின் பெயரும் 2007 என்ற ஆண்டோடு லினக்ஸ் மூலக் கோப்புகளின் தலைப்பிலேயே இருக்கின்றன. உலகெங்கும் ஓடும் கன்டெய்னர்கள் அவர்கள் வகுத்த பங்கில்தான் வளர்ந்தன. இதைக் கல்லூரி மாணவர்களுக்குச் சொல்லும் ஆசிரியர்கள் நம்மிடம் இன்னும் அதிகம் வேண்டும்.

இவையெல்லாம் கெர்னலில் சிதறிக் கிடந்த வசதிகள். அவற்றை ஒரே கட்டளையில் யாரும் பாவிக்கும்படி சேர்த்துக் கொடுத்தது டொக்கர். 2013 மார்ச்சில் சான்டா கிளாராவில் நடந்த பைத்தான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடத்தில் அதை அறிமுகம் செய்தார். அதே ஆண்டு கொழும்பின் டபிள்யூ.எஸ்.ஓ.2, தான் கட்டிய ஸ்ட்ராட்டோஸ் என்ற மேகத் தளத்தை அப்பாச்சி அறக்கட்டளைக்குக் கொடுத்தது; 2014இல் அது அப்பாச்சியின் முழுநிலைத் திட்டமானது. அதன் பிந்திய வெளியீடுகள் டொக்கரை ஏற்றுக்கொண்டன. இந்தத் தொழில்நுட்பத்தை இலங்கை வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

மலையகத்தவருக்கு இந்த வேறுபாட்டை எளிதாகச் சொல்லலாம். வி.எம். என்பது ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனி வீடு. அதற்குச் சொந்த அத்திவாரம், சொந்தக் கூரை. கன்டெய்னர் என்பது லயத்துக் காம்பிரா. நீளமான ஒரே கூரை, ஒரே அத்திவாரம், நடுவில் சுவர்கள். புதிதாக ஒரு காம்பிரா சேர்க்கப் பெரிய செலவில்லை. ஆனால் கூரை ஒழுகினால் எல்லாருக்கும் ஒழுகும், ஒரு காம்பிராவில் பற்றிய தீ மற்றக் காம்பிராக்களுக்கும் தாவும். மனிதர்களை அப்படி நெருக்கி வைத்தது அநீதி, அது இன்னும் முடியவில்லை. நிரல்களை அப்படி வைக்கும்போதும் ஆபத்து உண்டு: கெர்னலில் ஓர் ஓட்டை இருந்தால் எல்லாக் கன்டெய்னர்களுக்கும் அது ஓட்டைதான். 2016இல் வெளிவந்த டர்ட்டி கவ் என்ற குறை அப்படிப்பட்டது. நம்பகமில்லாத நிரல்களை ஒரே கெர்னலில் அருகருகே ஓட்டப் பெரிய நிறுவனங்கள் தயங்குவது இதனால்தான். ஒருவர் தன் சொந்த நிரலைத் தன் சொந்தக் கணினியில் எழுதும்போது அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

ஆனால் கன்டெய்னருக்கு லினக்ஸ் கெர்னல் வேண்டும். வின்டோஸில் அது இல்லை, மேக்கிலும் இல்லை. ஆகவே அந்தக் கணினிகளில் டொக்கரை நிறுவும்போது, பின்னால் லினக்ஸ் வி.எம். ஒன்று சத்தமில்லாமல் தொடங்குகிறது; கன்டெய்னர்கள் எல்லாம் அதற்குள் ஓடுகின்றன. முன்பு இதற்கு வெர்ச்சுவல்பொக்ஸ் என்ற தனி மென்பொருளை நிறுவ வேண்டியிருந்தது. வின்டோஸுக்குள் லினக்ஸ் நிரல்களை ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல். என்ற வசதிக்கு 2019இல் மைக்ரோசொப்ட் அறிவித்த இரண்டாம் பதிப்பு, சில செக்கன்களில் எழுந்துவிடும் மெலிந்த வி.எம்.மில் உண்மையான லினக்ஸ் கெர்னலை வின்டோஸோடு சேர்த்தே கொடுத்தது. நான்கு வி.எம். வேண்டாம், ஒன்று போதும். அதற்குள் எத்தனை கன்டெய்னரும் ஓடலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் பலர், “டொக்கர் என் கணினியில் ஊர்ந்து போகிறது” என்கிறார்கள். புதிய கணினி வாங்கக் கடன் தேடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் குறை கணினியில் இல்லை. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதில் இருக்கிறது.

நிரலை வின்டோஸின் வட்டில் வைத்துக்கொண்டு, அதை லினக்ஸ் வி.எம்.முக்குள் இருக்கும் கன்டெய்னரில் ஓட்டுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் ஒரு கோப்பைத் திறக்கக் கேட்கும்போது, அந்தக் கேள்வி லினக்ஸ் கெர்னலைத் தாண்டி, வி.எம்.மின் எல்லையைத் தாண்டி, வின்டோஸுக்குப் போய், அங்கே உரிமைகள் சரிபார்க்கப்பட்டு, விடை வந்த வழியே திரும்ப வேண்டும். இந்தக் கேள்விகளைச் சுமப்பது நைன்-பி என்ற நெறிமுறை. பெரிய கோப்பு ஒன்றைப் படிப்பதென்றால் இந்தப் பயணம் பொருட்டல்ல. நிரல் எழுதுவோரின் உலகமோ சின்னஞ்சிறு கோப்புகளால் ஆனது. ஜாவாஸ்கிரிப்ட் திட்டம் ஒன்றின் நூலகக் கோப்புறைக்குள் 40,000 கோப்புகள் இருப்பது சாதாரணம். ஒரு கோப்பைப் பற்றிய ஒரு கேள்விக்கு அரை மில்லிசெக்கன் என்று வைத்தாலும் 40,000 கேள்விக்கு 20 செக்கன். ஒரே கோப்பைப் பற்றிப் பல கேள்விகள் எழும்போது அது நிமிடங்களாகிறது. சில்லு அத்தனை நேரமும் வேலையின்றிக் காத்திருக்கிறது. அதனால் இன்னும் வேகமான சில்லு வாங்கினாலும் பலன் சிறிது.

இதைவிட மறைவான தொல்லை ஒன்றும் உண்டு. லினக்ஸில் ஒரு கோப்பு மாறினால் கெர்னலே நிரல்களுக்கு அறிவித்துவிடும். நிரலாளர் ஒரு வரியைத் திருத்திச் சேமித்ததும் உலாவியில் பக்கம் புதுப்பிக்கப்படுவது அந்த அறிவிப்பால்தான். வின்டோஸ் வட்டில் நடந்த மாற்றத்துக்கு அந்த அறிவிப்பு வி.எம்.முக்குள் வந்து சேர்வதில்லை. எனவே நிரல், எல்லாக் கோப்புகளையும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கும்படி அமைக்க வேண்டியாகிறது. அத்தனை கேள்வியும் மறுபடி எல்லை தாண்டுகின்றன. மின்விசிறி இரைகிறது, பற்றரி இறங்குகிறது.

தீர்வு எளிமையானது. நிரல் முழுவதையும் லினக்ஸ் வி.எம்.மின் சொந்த வட்டுக்குள் வைப்பது. எழுதும் செயலியின் முகப்பு மட்டும் வின்டோஸில் இருக்கட்டும். அதன் உழைக்கும் பாதியை வி.எம்.முக்குள் ஓட விட வேண்டும். அப்போது எல்லை தாண்டுவது தட்டச்சிட்ட எழுத்துகளும் திரையில் தோன்ற வேண்டிய வரிகளும்தான். கோப்புகள் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. வி.எஸ்.கோட் செயலியில் இந்தப் பிரிப்பு 2019இலிருந்து கிடைக்கிறது. மேக் பாவிப்போருக்கு, வி.எம்.முக்கும் வெளிக்கும் இடையே கோப்பு பகிர்வதற்கென்றே எழுதப்பட்ட விர்ச்சியோ-எஃப்.எஸ். என்ற முறை பழையதைவிடப் பல மடங்கு வேகம் தருகிறது. ஆனாலும் நூலகக் கோப்புறையை உள்ளேயே வைப்பது அங்கும் நல்லது. ஒரு ரூபா செலவில்லாமல் கிடைக்கும் இந்த வேகத்தைப் போல் வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

செலவு செய்ய முடிந்தால் முதல் செலவு சுழலும் வட்டை, சுழலாத எஸ்.எஸ்.டி. வட்டாக மாற்றுவது. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் மடிக்கணினி வட்டு ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன் எடுக்கிறது. சிதறிக் கிடக்கும் கோப்புகளைச் செக்கனுக்கு நூறுகூட அதனால் எட்டிப்பிடிக்க முடியாது. எஸ்.எஸ்.டி. பல்லாயிரம் எட்டும். நினைவகத்தைப் பொறுத்தவரை, டபிள்யூ.எஸ்.எல். தானாக விட்டால் இருப்பதில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். படித்த கோப்புகளை லினக்ஸ் நினைவகத்தில் பத்திரப்படுத்தி வைக்கும் பழக்கம் உடையதால், எடுத்ததைத் திருப்பித் தரத் தாமதிக்கும். அமைப்புக் கோப்பில் மூன்று ஜி.பி. என்று ஒரு வரம்பு எழுதிவிட்டால் உலாவிக்கும் இடம் கிடைக்கும். வி.எம்.மின் வட்டுக் கோப்பு வளர்ந்தால் தானாகச் சுருங்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மலைநாட்டில் வேகம் என்பது டேட்டாவும்தான். கன்டெய்னர் பிறக்கும் மூலத்துக்குப் படிமம் என்று பெயர். அது ஒரே பொதி அல்ல, அடுக்குகளால் ஆனது. கீழே ஒரு சிறிய லினக்ஸ், அதன் மேல் நிரல் மொழி, அதன் மேல் நூலகங்கள், உச்சியில் நாம் எழுதிய நிரல். ஒவ்வோர் அடுக்குக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட 64 இலக்க எண் பெயராகிறது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். எண் ஒன்றாக இருந்தால் உள்ளடக்கமும் ஒன்றே என்று நம்பலாம். ஆகவே கொழும்பிலிருந்து புதிய பதிப்பு வரும்போது கணினி முதலில் எண்களைத்தான் ஒப்பிடுகிறது. தன்னிடம் இல்லாத அடுக்கை மட்டும் இறக்குகிறது. ஐந்து படிமங்கள் ஒரே அடித்தளத்தின் மேல் நின்றால் அந்த அடித்தளம் வட்டில் ஒரு முறைதான் இருக்கும். ஓடும் கன்டெய்னர் எதையாவது மாற்றினால், மாற்றிய கோப்பின் பிரதி மட்டும் மேலே ஒரு மெல்லிய அடுக்கில் எழுதப்படும். கீழே இருப்பதை யாரும் தொடுவதில்லை.

இதைப் புரிந்துகொண்டவர் படிமக் குறிப்பை, அதாவது படிமத்தைக் கட்டும் படிகளின் பட்டியலை, எழுதும் ஒழுங்கும் மாறிவிடும். நிரலை முதலில் சேர்த்து நூலகங்களை அதன் மேல் நிறுவினால், ஒரு வரி திருத்தியதற்கெல்லாம் நூலக அடுக்கு முழுவதும் மறுபடி கட்டப்படும், மறுபடி இறக்கப்படும். நூலகப் பட்டியலை முதலில் சேர்த்து, அவற்றை நிறுவிவிட்டு, அடிக்கடி மாறும் நிரலை உச்சியில் வைத்தால் மறுபடி கட்டுவதற்குச் சில செக்கன்கள் போதும். அடித்தளத்தின் தெரிவும் முக்கியம். முழு டெபியன் லினக்ஸ் மேல் நிற்கும், ஜாவாஸ்கிரிப்ட்டை ஓட்டும் நோட் படிமம் விரிந்தால் ஒரு ஜி.பி.யைத் தாண்டும், அதன் மெலிந்த வடிவம் அதில் கால் பங்குகூட வராது. ஒருவர் இறக்கியதை மற்றவர் மறுபடி இறக்கவும் வேண்டியதில்லை. படிமங்களை ஒரே கட்டளையில் கோப்பாகச் சேமித்து, பென்டிரைவில் ஹாலிஎலயிலிருந்து பண்டாரவளைக்குக் கொண்டுபோய் அங்கே ஒரே கட்டளையில் ஏற்றலாம். இணையம் வேண்டாம். பென்டிரைவ் பழைய ஃபாட்32 முறையில் இருந்தால் நான்கு ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, அதை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றியும் பேச வேண்டும். 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. ஊவாவில் ஒக்டோபர், நவம்பர் மாதப் பிற்பகல் இடிமழையும் மின்சாரத்தை நம்பவிடாது. தரவுத்தளம் ஒன்று ஒவ்வொரு பதிவையும் வட்டில் உறுதியாக எழுதியாகிவிட்டதா என்று காத்திருந்து பார்த்த பிறகே அடுத்ததைத் தொடங்கும். மின்சாரம் போனாலும் கணக்கு அழியாமல் காப்பது அந்தக் காத்திருப்பு. ஆனால் சோதனைக்காக ஓட்டும் தரவுத்தளத்தில் காக்க எதுவும் இல்லை. சோதனை தொடங்கும்போது பிறந்து, முடியும்போது மறையும் தரவு அது. அதை வட்டில் வைக்காமல் நினைவகத்திலேயே வைத்து, உறுதிப்படுத்தும் காத்திருப்பையும் அணைத்துவிட்டால் சோதனைகள் பாய்ந்து ஓடும். உண்மைக் கணக்கு இருக்கும் தரவுத்தளத்தில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. உழைத்தவரின் ஒரு நாள் பேர் அதில் இருக்கிறது.

ஒரே சேவையின் இரண்டு காலங்களை அருகருகே வைத்துப் பார்க்கவும் கன்டெய்னர் உதவுகிறது. தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாவானது; 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவானது. பழைய மாதமொன்றின் நிலுவையைக் கணக்கிடப் பழைய விதி வேண்டும், பிந்திய மாதத்துக்குப் புதிய விதி. பழைய பதிப்பின் படிமமும் அன்றைய தரவுத்தளமும் ஒரு பக்கம், புதியவை மறுபக்கம் என்று ஒரே நேரத்தில் ஓட்டி விடைகளை ஒப்பிடலாம். இரண்டு தரவுத்தளங்களும் 5432 என்ற ஒரே வாயில் எண்ணில் காத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி வலையமைப்புப் பார்வை இருப்பதால் ஒன்றையொன்று முட்டாது. ஒரு தொழிலாளியின் கணக்கில் ஐந்து ரூபா பிசகினாலும் எந்தப் பதிப்பில் பிசகியது என்று காட்டிவிடலாம்.

கடைசியாக, தமிழில் மென்பொருள் செய்வோர் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று. படிமத்தைச் சிறிதாக்கும் ஆசையில் பலர் அல்பைன் என்ற மிகச் சிறிய லினக்ஸை அடித்தளமாக எடுக்கிறார்கள். சுருக்கிய நிலையில் சில எம்.பி.தான். அதன் அடிப்படை நூலகம் மொழிவாரியான அகரவரிசையை அறியாது. எழுத்துகளை யுனிகோட் எண் வரிசைப்படியே அடுக்கும். யுனிகோட்டில் ‘ன’ என்ற எழுத்து ‘ந’வுக்கு அடுத்தாற்போல், ‘ப’வுக்கு முன்னால் இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் ‘ன’ மெய்வரிசையின் இறுதியில் வரும். ஆகவே டெபியன் மேல் ஓடும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் கமலாவுக்குப் பின் கனகம்மா வருவார். அல்பைனில் கனகம்மா முதலில் வந்துவிடுவார். பெயர்ப்பட்டியலில் விரலை ஓட்டித் தேடுகிறவர், தன் பெயர் விடுபட்டுவிட்டதென்றே நினைக்கக் கூடும். போஸ்ட்கிரெஸ் 15இலிருந்து அல்பைன் வடிவத்திலும் ஐ.சி.யு. என்ற மொழி நூலகத்தைத் தெரிவுசெய்து இதைச் சரியாக்கலாம். மெலிந்த படிமங்களில் தமிழ் எழுத்துருவும் இராது. சம்பளச் சீட்டைப் பி.டி.எஃப். ஆக்கினால் பெயரின் இடத்தில் வெற்றுக் கட்டங்கள் வரும். நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவைச் சேர்க்கும் ஒரு வரியைப் படிமக் குறிப்பில் எழுதினால் போதும். எழுதிய பின் அந்தச் சீட்டு கொழும்பிலும் பதுளையிலும் ஒரே மாதிரி அச்சாகும்.

இதற்கிடையில் வி.எம்.மும் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது. 2018இல் அமேசான் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், வேண்டாத கருவிகளையெல்லாம் நீக்கிய ஒரு குறு வி.எம்.மை 125 மில்லிசெக்கனில் எழுப்புகிறது. மேற்பார்வைக்காக ஒவ்வொன்றுக்கும் ஐந்து எம்.பி.க்கும் குறைவான நினைவகமே செலவாகிறது. 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்த முறையில் ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனித்தனி வி.எம். கிடைக்கிறது. கன்டெய்னரின் இலகுவும் தனிக் கெர்னலின் பாதுகாப்பும் ஒன்றாகச் சேரத் தொடங்கிவிட்டன. இதைப் பார்க்க வெளிநாட்டு ஆய்வகம் எதற்கும் போக வேண்டியதில்லை. வின்டோஸ் 11இல் டபிள்யூ.எஸ்.எல்.லுக்குள் இன்னொரு வி.எம். ஓட்ட அனுமதி இருக்கிறது. அந்த இயங்குதளத்தை ஏற்கும் எட்டு ஜி.பி. மடிக்கணினியில் ஒரு மாணவி வின்டோஸுக்குள் லினக்ஸையும், அந்த லினக்ஸுக்குள் ஃபயர்கிராக்கரின் குறு வி.எம்.மையும் ஓட்டலாம். ஒரே சில்லின் மேல் மூன்று கெர்னல்கள், ஒவ்வொன்றும் கணினி தன்னுடையதென்று எண்ணியபடி. வின்டோஸைத் தவிர, தேவையான மென்பொருள் எல்லாம் இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது; இறக்க வேண்டிய கெர்னலும் சிறு வட்டுப் படிமமும் ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கிவிடும்.